கூப்பிட்டால் பாட வேண்டும்

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஓர் ஐரிஷ் பப்பின் சமையலறையில் ஐந்தரை மாதம் வேலை செய்தேன். அதற்கு முன் ஹம் நகரத்தில் தொழிற்சாலை, அதற்கும் முன் வேறு ஊர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எங்கே போனாலும் பின்கதவு வேலைதான் முதலில் கிடைக்கும்.

பப்பைப் புதிதாக வாங்கிய ஜெர்மன்காரர் வந்த வாரமே ஒரு விதி போட்டார். சமையலறை ஆட்கள் முன்கூடத்தில் தலைகாட்டக் கூடாது. விருந்தினர்கள் அயர்லாந்தைப் பார்க்க வருகிறார்களாம். சுவரில் அவர் ஓடர் பண்ணி மாட்டிய பழைய மண்வெட்டியும் துடுப்பும் அயர்லாந்து. கிழங்கு அவித்த நான் இல்லை. ஒருமுறை பிடிபட்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். மறுமுறை என்றால் வேலை போய்விடும்.

ஞாயிறு பின்னேரங்களில் பேர்லினில் வாழும் ஐரிஷ்காரர் பத்துப் பதினைந்து பேர் பிடிலும் குழலுமாக வந்து வட்டமாக உட்காருவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாடி முடித்தவர் அடுத்தவரைக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் மறுக்கக் கூடாது. முதலாளி அதை மெனு அட்டையில் அழகாக அச்சடித்தும் வைத்திருந்தார்.

அவர்களில் அறுபது தாண்டிய ஒரு பெண், முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், பின்வாசலில் என்னோடு சிகரெட் பிடிப்பார். இருவருக்கும் உடைந்த ஜெர்மன்தான். முன்னொரு காலத்தில் உருளைக்கிழங்கு அழுகிச் சனம் பட்டினியில் செத்தபோதும் தானியக் கப்பல்கள் தன் நாட்டிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தன என்றார். உயிர் மிஞ்சியவர்களும் கப்பல் ஏறினார்களாம். நான் எப்படி வந்தேன் என்று கேட்டார். லொறி, படகு, நடை என்றேன். தலையை ஆட்டினார், இரக்கப்படவில்லை. அது எனக்குப் பிடித்தது.

ஒரு ஞாயிறு அவர் அந்தப் பஞ்சத்தைப் பற்றிய பாட்டைப் பாடினார். முடித்ததும் எழுந்து சமையலறைக் கதவைக் காட்டி, உள்ளே நிற்கும் தமிழன் பாடட்டும் என்றார்.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அக்கா என் ஏப்ரனைப் பிடித்தார்.

"போகாதை தம்பி. வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு. நீ என்ன பெரிய பாகவதரோ?"

"கூப்பிட்டிட்டினம் அக்கா. மாட்டன் எண்டு சொல்ல ஏலாது."

ஈர ஏப்ரனோடு வெளியே போனேன். எனக்குத் தெரிந்தது மன்னார்க் கரையில் வலை இழுக்கும்போது பாடும் பாட்டு ஒன்றுதான். என் குரல் தகரம். ஒருவன் ஓரடி சொன்னால் மற்றவர்கள் திருப்பிக் கத்த வேண்டும். மூன்றாம் அடியிலேயே அவர்கள் பிடித்துக்கொண்டு மேசையில் தட்டினார்கள். முதலாளி பியர்க் குழாய்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

முடித்தேன். இனிக் கூப்பிடும் உரிமை என்னுடையது. முதலாளியைக் காட்டினேன்.

கூடம் சிரித்தது. தனக்குப் பாட வராது என்றார் அவர்.

"அட்டையில் அச்சடித்தது நீங்கள்தானே" என்றேன்.

காது சிவக்க உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலையால் நிறுத்திய கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை, வேலை நிரந்தரமாகாதவனுக்கு எழுதத் தேவையும் இல்லை. அக்கா போனில், "சொன்னனான்தானே" என்றார். பிறகு, "ஆனா நல்லாய்த்தான் பாடினனீ" என்றார்.

அடுத்த ஞாயிறு முன்கதவால் போனேன். அந்தப் பெண் எனக்கு ஒரு நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டார். வாடிக்கையாளனாக வந்தவனைத் தடுக்க முதலாளியிடம் விதி எதுவும் இருக்கவில்லை. கறுப்பு பியர் ஒன்று கேட்டேன். முதலாளியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.