அத்தானுக்கு வைத்த கீரை

என் அக்கா துணி ஆலையில் அயர்ன் போடுகிறவள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவாள், வந்ததும் அடுப்படி. வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த அத்தான் நெஞ்சுவலி வந்து பிழைத்ததிலிருந்து, அந்த மனுஷனைச் சாக விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் புத்தியில்.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிடலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஆலிவ் எண்ணெய், வால்நட், நாங்கள் கண்ணாலும் கண்டிராத ஏதோ மீன். எங்கேயோ கடலோரத்தில் திடகாத்திரமாக வாழ்கிறவர்களின் சாப்பாடாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சிரித்தாள்.

"அவங்க ஊர்ல கிடைச்சதை அவங்க தின்னாங்க. நம்ம சந்தையில கிடைக்கிறதை நாம தின்னா ஆகாதா?"

வால்நட்டுக்குப் பதில் வேர்க்கடலை. பெரிய மீனுக்குப் பதில் சீந்துவாரில்லாத பொடிமீன். தினமும் பயறு, கீரை, வாழைப்பழம். உப்பைக் குறைத்து எலுமிச்சை பிழிந்தாள்.

"மாட்டுக்குப் போடுறதை எனக்குப் போடுறா உங்க அக்கா" என்று அத்தான் என்னிடம் கோள் சொல்வார். தட்டை மட்டும் வழித்து வைத்துவிடுவார். தொப்பை இறங்கியது. மூச்சு வாங்காமல் மாடி ஏறினார். தெருப் பெண்கள் அக்காவை டாக்டரம்மா என்றார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சில வருடம் கழித்து அத்தானுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ். "சாப்பாட்டுல கவனமா இருங்க" என்றாராம் டாக்டர், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல். பாழாய்ப்போன மனுஷன், இன்னும் இரண்டு வார்த்தை சொன்னால் வாய் வலித்திருக்குமா? அக்கா கவனமாகத்தான் இருந்தாள். கீரையைக் கூட்டினாள். பழத்தைக் கூட்டினாள்.

ஒரு நாள் காலையில் அத்தான் கைகால் தளர்ந்து கட்டிலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டதாம். என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் கேட்டாள். அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஐயோ, அதுலதானே பொட்டாசியம் நிறைய. கிட்னி போனவங்களுக்கு இவ்வளவு கீரையும் பழமும் கொடுக்கக் கூடாதேம்மா. யாரும் சொல்லலையா?"

"நல்லதைத்தானே கொடுத்தேன்" என்று அக்கா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. நான்தான் பிரித்து இழுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா டீயும் பன்னுமாகவே கிடந்தாள். வாரக்கணக்கில் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு பை நிறையக் காய்கறி வாங்கிப்போய்க் கத்தினேன்.

"உனக்குப் பிரஷர் இருக்கு. நீயும் போய்ச் சேரப் பாக்குறியா? எதையாவது ஒழுங்கா ஆக்கித் தின்னுக்கா!"

அவள் பையைத் தரையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது நல்லதாடி? இது? இதைத் தின்னலாமா?"

எனக்கென்ன தெரியும்? அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.