கேட்காமல் போட்ட கோடு

பிரஷர் பார்த்து அட்டை நிரப்புகிற தொழிலில் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்; நான் வாயை மிச்சம் பிடித்தவன். கண்டி குட்ஷெட் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். டொக்டரிடம் போகுமுன் எல்லாரும் என் முன்னால் உள்ள கதிரையில் உட்கார்ந்தாக வேண்டும். வரிசை வாசலைத் தாண்டும்போது பாதிக் கேள்விகளை விழுங்கிவிட்டுப் படிவம் நிரப்பியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சிவந்த வாய்

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற செல்வராணிக்கு முப்பத்துநாலு வயது. மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கிறது, தாடை வரை வலிக்கிறது என்றாள். பிரஷர் கூடியிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த களைப்பாக இருக்கும் என்று சற்று உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். இறங்கவில்லை.

அட்டையில் அடுத்த வரி ‘புகைத்தல், புகையிலை’. பெண்களிடம் அதைக் கேட்பது மரியாதையில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். கேட்காமலே ‘இல்லை’ என்ற இடத்தில் கோடு போட்டுவிடுவோம். போட்டேன். அவள் வாய் சிவந்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன். அட்டையைப் படித்த டொக்டர், சின்ன வயசுதானே என்று நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கொடுத்து, பிரஷரைப் பார்க்க ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். போகும்போது, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று நானும் புத்தி சொன்னேன்.

“கொழுந்து நிறுக்கிற வரைக்கும் எங்கங்கய்யா சாப்பிடுறது? வெத்தலய அடக்கிக்கிட்டா பசி தெரியாது.”

பிரசவத்தோடு போனது

அதே வாரம் மஹய்யாவயிலிருந்து ஒரு இளம் ஆசிரியை தன் மாமியாரோடு வந்தார். பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷர் கூடி வார்ட்டில் கிடந்தவர். அப்படிப்பட்டவர்களின் இருதயத்தைப் பிற்காலத்திலும் கவனிக்க வேண்டும் என்று டொக்டர் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அட்டையில் அதற்கு வரி இல்லை. ஓரத்தில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். மாமியார் என் கையைப் பார்த்தார், பேனாவை வைத்துவிட்டேன்.

“அது புள்ள கெடச்சதோட போனதுதானே தம்பி. எழுதி வச்சா ஆயுசுக்கும் நோயாளிண்டு பேராகிடும்.”

வெற்றிலைப் பை

மூன்று வாரம் கழித்துச் செல்வராணியின் தங்கை வந்தாள். டவுனில் புடவைக் கடையில் வேலை. அக்கா மலையில் கூடையோடு விழுந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். அம்மாவும் நாற்பதுக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவளாம். அதனால் தனக்கும் பார்க்க வேண்டுமாம். அம்மாவைப் பற்றியும் நான் செல்வராணியிடம் கேட்டிருக்கவில்லை.

கைக்குட்டை எடுக்க அவள் தன் பையைத் திறந்தாள். உள்ளே அக்காவின் வெற்றிலைப் பை இருந்தது. ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாளாம். புகையிலை வாசனை என் மேசை வரை வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெண்ணிடம் கேட்டேன்: “வெற்றிலையோட புகையிலையும் போடுவீங்களா?” அவள் கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“போடுவேன். அக்காவும் போட்டுச்சு. அதுகிட்ட கேட்டீங்களாய்யா?”

இப்போது எல்லாப் பெண்களிடமும் கேட்கிறேன், மரியாதை தெரியாத மனுஷன் என்று பெயரும் எடுத்துவிட்டேன். செல்வராணியின் அட்டையில் மட்டும் என் மரியாதை அழியாமல் இருக்கிறது.