அக்கா வீட்டுக்கு வந்த துப்பாக்கி

என் அக்கா வெல்மாவின் கணவர் நோரிஸ் ஆர்சனோ இறால் படகில் காலம் தள்ளியவர். நல்ல மனுஷர்தான். ஆனால் தலைக்குள் ஒன்று புகுந்தால் மற்றதெல்லாம் வெளியே போய்விடும். போன புயலில் எங்கள் லூசியானா கரையோரத்தில் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் திருடு போனது. அக்காவுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது. ஆகவே வீட்டுக்கு ஒரு துப்பாக்கி என்று நோரிஸ் முடிவு கட்டினார். வாத்து சுடுகிற பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தது. அது போதாதாம்.

அடுத்த புயல் வளைகுடாவுக்குள் நுழைந்த வாரம் முழுக்க மனுஷர் துப்பாக்கிக் கடையே கதியென்று கிடந்தார். ரைஃபிள் வேண்டாம், குண்டு சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக் கட்டில் வரை போகும் என்றான் ஒருவன். பிஸ்டல் எடு என்றான் இன்னொருவன். குண்டேற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க அக்காவின் வீங்கிய விரல்களால் முடியவில்லை.

"வெல்மாவாலயும் சுட முடியணும்ல? அதான் பாத்துப் பாத்து எடுக்கறேன்."

"அவளால ஊறுகா பாட்டில் மூடியவே திறக்க முடியாது, நோரிஸ். கரண்ட் போனா வேணுமே, ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிட்டீங்களா?" என்றேன்.

"நாளைக்கு."

கடைசியில் ஒரு ரிவால்வர் வந்தது. அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. இது எனக்கு மூச்சு குடுக்குமா?"

அதற்குள் சிலிண்டர் கடைக்காரர் பூட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார். நாமும் கிளம்பலாம் என்று கெஞ்சினேன். "வீட்ட யாரு பாத்துப்பா?" என்றார் நோரிஸ். ஜன்னலுக்கு அடித்த பலகையில் சிவப்புப் பெயிண்டில் 'திருட வந்தால் சுடுவோம்' என்று எழுதினார். ஜெனரேட்டரைத் தூக்கிப் போய்விடுவார்களாம். தூண்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் ஒரு தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

புயலில் தண்ணீர் வந்தது. ஜெனரேட்டர் நின்ற இடத்திலேயே முழுகியது. அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு சின்ன சிலிண்டர்.

புயல் ஓய்ந்தால் எங்கள் ஊர் ஆட்கள் யாரும் கூப்பிடாமலே அவரவர் படகை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். அன்றும் வந்தார்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் நோரிஸ் துப்பாக்கியோடு வராந்தாவுக்கு ஓடினார். வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், அவர் கையைப் பார்த்தார்கள், படகைத் திருப்பினார்கள். நான் கத்தியது மோட்டார் சத்தத்தில் போய்விட்டது.

கடப்பாரையால் அந்தப் பலகையை நானே பெயர்த்துத் தண்ணீரில் எறிந்தேன். அக்காவின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

மத்தியானம் இன்னொரு படகு வந்தது. அக்காவைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தோம்.

"துப்பாக்கி வேணாம் சார், படகுல சின்னப் பிள்ளைங்க இருக்கு," என்றார் படகுக்காரர்.

"இங்க விட்டா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான். இதுக்கு நான் எவ்ளோ அலைஞ்சேன் தெரியுமா? கொஞ்சம் நில்லு, எங்கயாவது பூட்டி வச்சிட்டு வரேன்."

அக்கா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்தாள்.

"நீங்க படக எடுங்க தம்பி. அவரு வீட்டப் பாத்துக்கட்டும்."

படகுக்காரர் தயங்கி என் முகத்தைப் பார்த்தார். நான் துடுப்பை எடுத்து வீட்டுப் படியில் ஊன்றிப் படகைத் தள்ளினேன்.