தாய்மாமன் சீரும் என் நாலு கார்டும்

என்னிடம் நாலு கிரெடிட் கார்டு இருக்கிறது. உடனே கடன்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். கெடு தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே முழுத் தொகையையும் கட்டிவிடுகிற ஆள் நான். என்னால் எந்த வங்கிக்கும் ஒரு பைசா வட்டி கிடைத்ததில்லை. அவர்கள் வைத்த பொறியில் தேங்காயை மட்டும் தின்றுவிட்டு வெளியே வருகிற எலி என்று என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒரு கார்டு பெட்ரோலுக்கு. இன்னொன்று மளிகைக்கு, வாங்கியதில் கொஞ்சம் காசு திரும்ப வரும். மூன்றாவது கார்டைக் காட்டினால் விமான நிலைய ஓய்வறையில் சாப்பாடு இலவசம். தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அந்த ஓசி இட்லியைத் தின்ன முதலில் திருச்சிக்குப் போக வேண்டும், உள்ளே விடுவதற்கு விமான டிக்கெட் வேண்டும், டிக்கெட் எடுப்பதற்கு எங்கேயாவது போகிற வேலை வேண்டும். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிற எனக்கு அப்படி எந்த வேலையும் இல்லை. அதனால்தான் நாலாவது கார்டு வாங்கினேன். அதில் சேருகிற பாயிண்ட்டை டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். மனைவி, நாலு வயது மகள், நான், மூன்று பேரும் டெல்லி போய்வரத் திட்டம்.

பாயிண்ட் சேர்ப்பதில் எனக்கு வெட்கமே கிடையாது. ஆசிரியர் அறையில் யாராவது ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும். "நான் கார்டுல தேய்க்கிறேன் சார், நீங்க எனக்குப் பணமாக் குடுத்துடுங்க" என்று அவரோடு கடை வரைக்கும் போய்விடுவேன். துணைப் பேராசிரியர் ஒருவர் என்னைக் கண்டாலே பர்ஸை எடுத்து மேசை இழுப்பறையில் வைப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் அவர் வாங்கிய வாஷிங் மெஷினுக்கும் பாயிண்ட் எனக்குத்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம். அங்கே மொட்டை அடித்துவிட்டு, நீடாமங்கலத்துக்குள் ஒரு சின்ன மண்டபத்தில் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், தோடு தாய்மாமன் சீராகத்தான் வர வேண்டும். என் மனைவிக்கு உடன்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. அந்தப் பக்கத்திலேயே மூன்று ஏக்கர் விவசாயம். அந்த வருஷம் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடுவதற்கு, ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பித் திருப்பி அனுப்பியதால், எட்டு நாள் ரோட்டோரமாகக் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டுதான் சீர் வாங்கத் தஞ்சாவூர் வந்தான்.

நகைக்கடை வாசலிலேயே அவனைப் பிடித்துவிட்டேன்.

"மாப்ள, அந்தப் பணத்த எங்கிட்டக் குடு. நான் கார்டுல தேய்ச்சுடறேன்."

"சீர் நான்தானே அத்தான் வாங்கணும்?"

"பணம் உன்னுதுதானேடா. கார்டு வெறும் கார்டு."

"இல்ல, நானே கல்லாவுல எண்ணிக் குடுக்கணும்னு நெனச்சேன்."

அவன் அவ்வளவுதான் சொன்னான். அக்கா வீட்டுக்காரரிடம் அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லாதவன். வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றபடியே ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி என் கையில் கொடுத்தான். அப்போது அவன் முகத்தைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். நான் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே தோடு, பட்டுப் பாவாடைக்கு ஏற்ற மாதிரி ஒரு சின்னச் சங்கிலி, எல்லாம் அவன்தான் பார்த்துப் பார்த்து எடுத்தான். பில் போடுகிற பெண் ஃபோன் நம்பர் கேட்டாள். அந்தக் கடையிலும் தனியாக என் பெயரில் ஒரு பாயிண்ட் கணக்கு உண்டு. விடுவேனா? என் நம்பரைச் சொன்னேன். ஒரே நகைக்கு இரண்டு இடத்தில் பாயிண்ட் வாங்கிய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வீடு வரைக்கும் சந்தோஷமாக வந்தேன்.

காதுகுத்து அன்றைக்கு மேளம் முன்னால் வர, சீர்த்தட்டுகள் பின்னால் வந்தன. என் மச்சினன் வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் சித்திக்குச் சீர் என்றால் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. நகைப் பெட்டியைத் திறந்து, தோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பில்லையும் பிரித்தாள்.

"இதென்னடா, பில்லு உம்பேருல இருக்கு?" என்று அங்கிருந்தே என்னைக் கேட்டாள். "பொண்ணப் பெத்தவனே தாய்மாமன் சீரும் எடுத்துக் குடுத்தியா?"

மேளம் அப்போது பார்த்து நின்றிருந்தது. பந்தி நடக்கிற இடம் வரைக்கும் அந்தக் குரல் போயிருக்கும். பெண்கள் வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மச்சினன் குழந்தையை மெதுவாகத் தூக்கி அக்கா கையில் கொடுத்தான். செருப்பைக்கூடத் தேடாமல் மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டான்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள் என் மனைவி.

சொன்னேன்.

"அவன் மானத்த வித்துப் பாயிண்ட்டு வாங்குனீங்களா? போங்க. மைக்குல சொல்லுங்க."

மைக்கைப் பிடித்துக் கல்லூரியில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன், அன்றைக்கு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சீர் பணம் முழுக்க என் மச்சினனோடது. நெல்லு வித்த பணம். கார்டு மட்டும்தான் என்னுது, பாயிண்ட்டுக்காகத் தேய்ச்சேன்" என்றேன்.

"பாயிண்ட்டுன்னா என்னப்பா?" என்றார் முன்வரிசையில் இருந்த பெரியப்பா.

காதுகுத்து மண்டபத்தில் நின்று ரிவார்டு பாயிண்ட் என்றால் என்ன என்று விளக்கியவன் டெல்டா மாவட்டங்களில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் விடவில்லை. "சரி, எவ்ளோ வந்துச்சு?" என்றார். ஃபோனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். தோடு வாங்கியதற்கு நேராகப் பூஜ்யம். நகைக்கடைச் செலவுக்கு இனிமேல் பாயிண்ட் கிடையாது என்று போன மாதமே வங்கியிலிருந்து மெயில் வந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. "கார்டுல ஒண்ணும் வரல பெரியப்பா" என்றேன், மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்து.

மண்டபமே சிரித்தது. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும், அவன் மட்டும் அங்கே இருந்திருந்தால்.

நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம் இருந்தது. ஆசாரி ஊசியைத் துணியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். வேறு யார் மடியிலாவது உட்கார வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு என் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. அவன் கடைத்தெருப் பக்கம் போனதைப் பார்த்ததாகப் பந்தியில் பரிமாறுகிறவர் சொன்னார். வாசலுக்கு ஓடினேன். மண்டபத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் இருக்கிற ரயில்வே கேட் மூடியிருந்தது. நீடாமங்கலத்தில் கேட் மூடினால் லேசில் திறக்காது என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் ஊர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் என் மனைவி இனி எந்த முகத்தோடு தாய்வீட்டுக்குப் போவாள் என்பது ஒன்றே மனசில் ஓடியது. அவனை நான் அவமானப்படுத்திவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

இன்ஜினை மாற்றுகிறார்களோ என்னவோ, ரயில் ஆடி அசைந்து போனது. கேட் தூக்கியதும் பஸ், லாரி எல்லாவற்றுக்கும் முன்னால், வெறுங்காலோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓடி வந்தான். கையில் ஒரு சின்ன சிவப்புப் பை. என்னைத் தாண்டி நேராக உள்ளே போய் என் சித்தி முன்னால் நின்றான். பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசையும் பில்லையும் எடுத்துத் தட்டில் வைத்தான். சம்பா பயிருக்கு மேலுரம் வாங்கச் சட்டைப்பையில் வைத்திருந்த பணம் அது என்று பிறகுதான் தெரியும்.

"பில்லப் படிங்க அத்தை" என்றான். "யார் பேருன்னு சத்தமாப் படிங்க."

சித்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவன் பெயரை, அவன் அப்பா பெயரை, ஊர்ப் பெயரை, மண்டபம் முழுக்கக் கேட்கப் படித்தாள். மேளம் ஆரம்பித்தது. அவன் உட்கார்ந்து மடியைத் தட்டினான், என் மகள் ஓடிப் போய் ஏறினாள். ஆசாரி குத்தியபோது அவள் போட்ட கூச்சலில் அவன்தான் கண்ணை மூடிக்கொண்டான்.

எல்லாம் முடிந்து பந்திக்குப் போகும்போது அவன் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவனே பேசினான்.

"கொலுசுக்கு முந்நூறு ரூவா கொறஞ்சுது அத்தான். நாளைக்குத் தர்றேன்னு கடையில சொல்லிட்டு வந்திருக்கேன்."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அதையும் நீங்க குடுத்துடாதீங்க" என்றான்.