சிவப்பில் வந்த K

திங்கட்கிழமை சாயங்காலம் என் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவு போனில் வந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். எல்லாம் கறுப்பாக இருக்க, K என்ற ஓர் எழுத்தும் அதன் எதிரே இருந்த எண்ணும் மட்டும் மேல் பார்த்த அம்புக்குறியோடு சிவப்பில் இருந்தன. அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பன்னிரண்டாவது படிக்கும் மகளிடம் போனை நீட்டினேன்.

"பிசிக்ஸ்ல K-னா வெப்பநிலைய அளக்கறதுப்பா. பயாலஜில வைட்டமின்."

"வைட்டமின் ஜாஸ்தின்னா நல்லதுதானேடி," என்றாள் அவள் அம்மா அடுப்படியிலிருந்து. "உங்கப்பா மூஞ்சியப் பாரு, பரீட்சைல கோட்டை விட்டாப்ல."

"ஒரே எழுத்துக்கு எத்தனதான் அர்த்தம் வெப்பாங்க? இதுல எதுன்னு சொல்லும்மா."

பரிசோதனை நிலையத்துக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

"இருப்பா. மேல Na, கீழ Cl. ரெண்டும் உப்புல இருக்கறது. அதுங்களோட சேர்ந்து வந்தா இது கெமிஸ்ட்ரி K. பொட்டாசியம்." மகளின் குரல் இறங்கியது. "ஜாஸ்தியானா ஹார்ட்டுக்கு ஆகாதுப்பா. வாழப்பழம், இளநீர்ல நெறய இருக்கும்."

என் மனைவி திங்கள்தோறும் விரதம். சோறு தொடமாட்டாள், இளநீரும் வாழைப்பழமும்தான். சிறுநீரகத்துக்கும் ஓய்வு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். விரதம் என்று டாக்டரிடம் சொன்னோமே தவிர, என்ன சாப்பிடுகிறாள் என்று சொல்லவில்லை. இளநீரைச் செங்கம் ரோட்டில் பொறுக்கி வாங்கி, என் கையாலேயே சீவிக் கொடுப்பேன். அன்று இரண்டு கொடுத்திருந்தேன்.

மூன்றாவதை அவள் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிடுங்கி வைத்தேன்.

"என்னங்க, சாமிக்குப் படச்சதுங்க!"

"அவருக்குத் தெரியும். கெளம்பு."

ஆட்டோ தேரடி நெரிசலில் நின்றபோது, கோபுரத்தைப் பார்த்து "அருணாசலா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவள் மார்பில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்துட்டீங்க," என்று ஊசி போடச் சொன்னார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். இளநீர், பழம் கூடாது. விரத நாளிலும் வேளைக்குச் சாப்பிட வேண்டும்.

"சோறு சாப்ட்டா அது என்னங்க விரதம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"உனக்குப் பதிலா நான் இருக்கறேன்."

அடுத்த திங்கள் அவள் தட்டில் சோறு, எதிரே நான் வெறும் தண்ணீரோடு. இரண்டு வாய் சாப்பிட்டு நிமிர்ந்தாள்.

"பசிக்குதா?"

"இல்ல."

"பொய் சொன்னா விரதம் கெட்டுப்போயிடுங்க," என்றாள். சாப்பிட்டாள்.