சர்க்கரைப் பொங்கலுக்கு வந்த கரடி

வேலூரில் காலையில் ஏறிய பேருந்து, போளூரில் டீக்கு நின்று, திருவண்ணாமலை வந்து சேரும்போது உச்சிவெயில். பௌர்ணமிக்கு முதல் நாள். அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய் கேட்டார்கள். ஏழு கிலோமீட்டருக்கு இது அநியாயம் என்று வாய்விட்டே சொன்னேன்.

"கம்மி பண்ண முடியாது சார். இருட்டினா இந்தக் காசுக்கும் யாரும் வரமாட்டாங்க, அந்தப் பக்கம் கரடி வருதுனு சொல்றாங்க" என்றார் ஓட்டுநர். கூலிக்காகக் கட்டிவிட்ட கதை என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

கதையில்லை. என் கல்லூரித் தோழன் சேகரின் வீட்டு வாசலில் வனக்காவலர் நின்றிருந்தார். சேகரும் மனைவி கஸ்தூரியும் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையோரம் கொட்டகை போட்டு அன்னதானம் செய்கிறவர்கள். மிஞ்சிய சோறும் எச்சில் இலையும் கொட்டகைக்குப் பின்னால் குவியும். குவியலைத் தாண்டினால் சேகரின் மல்லித் தோட்டம். போன பௌர்ணமிக்கு மறுநாள் அந்தக் குவியலைச் சுற்றிக் கரடியின் காலடிகள் இருந்தனவாம்.

"குழி தோண்டி மூடிடுங்கக்கா. வெல்லம் ருசி கண்டுட்டா அது காட்டுக்குள்ள நிக்காது. கூண்டு வெச்சுப் புடிச்சாலும் குவியல் இருக்கறவரைக்கும் இன்னொண்ணு வரும்" என்றார் காவலர்.

கஸ்தூரிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சாமி பேரச் சொல்லிப் போட்ட சோறு சார். காக்கா தின்னட்டும், எறும்பு தின்னட்டும். மண்ணப் போட்டு மூட அது என்ன பொணமா?"

சேகர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டான். கல்லூரியிலும் இப்படித்தான், சண்டை என்றால் ஆள் இருக்கமாட்டான்.

மறுநாள் கூட்டமான கூட்டம். பதினான்கு கிலோமீட்டர் சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு கொட்டகையிலும் கை நீட்டுகிறார்கள், இரண்டு வாய் தின்கிறார்கள், மிச்சத்தை வீசிவிட்டு அடுத்த கொட்டகைக்கு நடக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குவியல் இடுப்புயரம் ஏறியது.

பௌர்ணமி கழிந்த காலை, வெளுக்கும் நேரத்தில் சேகரோடு நானும் பூப்பறிக்கப் போனேன். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும், சந்தையில் விலைபோகாது. சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள் என்று காவலர் சொல்லியிருந்தார். பேசினோம். பறிக்கிற மும்முரத்தில் எப்போது நிறுத்தினோம் என்று தெரியவில்லை.

உறிஞ்சுவது போல ஒரு சத்தம். திரும்பினேன். குவியலின்மேல் கரடி. முதுகில் குட்டி ஒன்று மயிரைப் பற்றிக்கொண்டு கிடந்தது. எங்களுக்குப் பின்னால் கம்பி வேலி.

கொட்டகையின் பின்வாசலில் கஸ்தூரி. கையில் கரண்டி, பக்கத்தில் காலி அண்டா. இந்த ஊரில் காட்டுப்பன்றி வந்தாலும் எது வந்தாலும் அண்டாவைத் தட்டித்தான் விரட்டுவார்கள். அவள் கரண்டியை ஓங்கிவிட்டாள். குவியலைப் பார்க்க வந்த காவலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே தட்டினால் கரடி எங்கள்மேல்தான் பாயும். புருஷனைப் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் நிற்க வேண்டியதாயிற்று அவளுக்கு.

அந்த நேரம் பார்த்துப் பாதையில் ஒரு கூட்டம், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று வந்தது. கரடி மிரண்டு எங்கள் பக்கம் இறங்கியது. சேகரின் விரலில் மொட்டுகள் அப்படியே இருந்தன. காவலர் பாதைக்கு ஓடி இரண்டு கைகளையும் உயர்த்தினார். கோஷம் அடங்கியது. கரடி பின்கால்களில் எழுந்து மோப்பம் பிடித்தது. பிறகு திறந்து கிடந்த வலப்பக்கமாக, மலையைப் பார்த்து நடந்து போயிற்று.

கஸ்தூரி ஓடிவந்து சேகரின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள். அழுது முடித்ததும் மண்வெட்டியை எடுத்தாள். நாங்கள் கேட்டும் தரவில்லை. இடுப்பளவு தோண்டி, இலைகளையும் மிஞ்சிய பொங்கலையும் தள்ளி, குழி விளிம்பில் கற்பூரம் ஏற்றினாள்.

"கோச்சிக்காத சாமி. எனக்கு இவரு வேணும்" என்று சொல்லி முதல் மண்ணைப் போட்டாள்.

"இது ஒரு கொட்டக தான்க்கா. மத்தவங்க?" என்றார் காவலர்.

"நான் சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க."

கிளம்பும்போது ஒரு பொட்டலம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். "தீத்துருங்கண்ணா" என்றாள். மற்றவர்களைத் திட்டிய நானும் எங்கே சாப்பிட்டாலும் பாதியில் போதும் என்று வைப்பவன்தான். போளூர் வருவதற்குள் இலையை விரலால் வழித்துத் தின்றுவிட்டேன்.