ஆம்பூரில் பனி விட்ட நாள்

மிஷன் பங்களாத் துரைசானியின் ஊரில் மாதக்கணக்கில் பனி கொட்டுமாம். அது விட்டதும் ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு வீட்டைக் கழுவுவார்களாம்.

அந்தப் பங்களாவில் தையல் சொல்லித்தரும் என் மனைவி ரூத், இன்று காலை எங்கள் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டாள். பாய், பெட்டி, நான், எல்லாம் வாசலில்.

"ஆம்பூர்ல பனி எங்க கொட்டிச்சு?"

"கொட்னாத்தான் கழுவணுமா, இன்னா?"

தோல் ஊறும் குழிகளைப் பார்த்த ஜன்னலை இதுவரை யாரும் திறந்ததில்லை. அதையும் தட்டித் திறந்தாள்.

மதியம் காற்று திரும்பி, குழி நாற்றம் உள்ளே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, பாய், பெட்டி, என்னை எல்லாம் உள்ளே சேர்த்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தினாள்.

சுத்தம் செய்த வீட்டைப் பார்க்க அந்த நேரம் துரைசானியே வந்து கதவைத் தட்டினார்.

"திறக்காதீங்க!" என்று ரூத் கிசுகிசுத்தாள்.

"இங்க இன்னும் பனி விடலீங்கம்மா!" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

எப்போது விடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கதவை மட்டும் தட்டாதீர்கள்.